நாலு கோடை பார்த்த விளக்குகள்: துபாயில் எல்இடி வாங்குகிறவர்களுக்கு

துபாயில் ஒரு பராமரிப்புக் கம்பெனியில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக இருக்கிறேன். வந்து பதினாலு வருஷம் ஆகிறது. முதல் ஆறு வருஷம் ஏணி ஏறினேன், அதற்கப்புறம் ஏணி ஏறுகிற பையன்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஊர்க்காரர்கள், கூட வேலை செய்கிறவர்கள், புதிதாக வில்லா எடுத்தவர்கள் என்று யார் போன் பண்ணினாலும் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி ஒன்றுதான்: எந்த எல்இடி வாங்கலாம், ஏன் இங்கே வாங்குகிற விளக்கெல்லாம் ஒரு வருஷத்தில் போய்விடுகிறது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதிலாக, நான் நாலு கோடை காலம் கூடவே இருந்து பார்த்த மூன்று வகை விளக்குகளைப் பற்றி இங்கே எழுதிவிடுகிறேன். வெளிச்சுவரில் போட்ட பல்க்ஹெட் என்கிற மூடிய சுவர் விளக்கு, வீட்டுக்குள் போட்ட துபாய் லேம்ப், ஃபால்ஸ் சீலிங்கில் போட்ட டவுன்லைட்.

முதலில் வெளிச்சுவர். பணத்தை விட்டதும் அங்கேதான், பாடம் படித்ததும் அங்கேதான்.

2021 ஏப்ரலில் ஒரு காம்பவுண்டுக்கு முப்பது பல்க்ஹெட் வேண்டியிருந்தது. ஒரு மொத்தக் கடையில் பதினெட்டு திர்ஹாமுக்குக் கிடைத்தது. கடை பெயர் வேண்டாம், அது போல் நூறு கடை இருக்கிறது. பெட்டியில் 50,000 மணி நேரம் என்று பெரிதாகப் போட்டிருந்தது, தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐபி66 என்ற எண் இருந்தது, ஐரோப்பிய சிஇ முத்திரையும் இருந்தது. கவுண்டரில் நின்ற தஞ்சாவூர்ப் பையன், "அண்ணே, அம்பத்தஞ்சு திர்ஹாமுக்கு விக்கிறதும் இதே சரக்குதாண்ணே, பேருக்குத்தான் அந்தக் காசு" என்றான். அவன் மேல் தப்பு இல்லை, அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததை அவன் சொன்னான். நானும் நம்பினேன். முப்பதையும் எடுத்துவந்து போட்டோம்.

ஜூலை மூன்றாவது வாரம் முதல் விளக்கு போனது. அப்புறம் வாரம் ஒன்று, வாரம் இரண்டு. செப்டம்பர் முடிவதற்குள் பதினொன்று. 50,000 மணி நேரம் என்றால், இரவுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் பதினோரு வருஷத்துக்கு மேல் வர வேண்டும். இவையெல்லாம் ஏறக்குறைய ஆயிரம், ஆயிரத்தைநூறு மணி நேரத்திலேயே கண்ணை மூடின.

மாற்றுகிற வேலை எப்படி என்று இங்கே வெளிவேலை செய்தவர்களுக்குத் தெரியும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை செய்யக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் மூன்று மணிக்குமேல் மட்டும் சூடு எங்கே போகிறது? மேற்குப் பார்த்த சுவர் நாலு மணிக்குத்தான் முழுச் சூட்டில் இருக்கும். விருதுநகர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் ஏணியில் நின்று ஸ்க்ரூ கழற்றும்போது கையுறை போட்டிருந்தும் "அண்ணே, ஃபிட்டிங்கைத் தொட முடியல, செவுரே சுடுது" என்று கீழே இறங்கி வந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஏறினான். பதினெட்டு திர்ஹாமில் மிச்சம் பிடித்ததை யார் தலையில் ஏற்றினேன் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அன்றிலிருந்து விளக்கு விலையை மட்டும் தனியாக நான் பார்ப்பதில்லை. அதை மாற்ற ஒருவன் எத்தனை முறை ஏணி ஏறப்போகிறான் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறேன்.

செத்துப்போன பதினொன்றில் நாலைப் பிரித்துப் பார்த்தேன். மூடியைத் திறந்ததும் கருகிய பிளாஸ்டிக் வாடை. எல்இடி சில்லுகள் பதித்த அலுமினியத் தகடு பின்பக்க உடலோடு ஒட்டவே இல்லை, இரண்டு ஸ்க்ரூவில் தொங்குகிறது, நடுவில் வெப்பத்தைக் கடத்தும் பேஸ்ட் ஒரு பொட்டுக்கூட இல்லை. டிரைவர் போர்டில் இருந்த எலக்ட்ரோலைட்டிக் கபாசிட்டரின் தலை, இட்லி மாதிரி உப்பிப்போயிருந்தது. அதன் உடம்பில் 85 டிகிரி என்று அச்சடித்திருந்தது. எல்லாம் அந்த எண்ணில் இருக்கிறது.

எல்இடி விளக்கு போய்விட்டது என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் போயிருப்பது எல்இடி சில்லு கிடையாது, அதற்கு மின்சாரம் கொடுக்கிற டிரைவர். டிரைவரில் முதலில் போவது இந்தக் கபாசிட்டர். உள்ளே இருக்கிற திரவம் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துபோகும். பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் வைத்திருக்கிற வாய்ப்பாடு, ஏறக்குறைய சரியாகவே வரும். இப்போது கணக்குப் பாருங்கள். 105 டிகிரியில் 5,000 மணி நேரம் தாங்குகிற நல்ல கபாசிட்டர், 95-ல் பத்தாயிரம் வரும், 85-ல் இருபதாயிரம், 75-ல் நாற்பதாயிரம். விளக்குகளின் செயல்திறன் சோதனை சாதாரணமாக 25 டிகிரி அறையில்தான் நடக்கிறது. அந்த அறையில் ஃபிட்டிங்கின் உள்ளே கபாசிட்டர் 75 டிகிரியில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், நாற்பதாயிரம் மணி நேரம் என்று பெட்டியில் போடலாம், பொய் சொன்னதாக ஆகாது. அதே விளக்கை 45 டிகிரி இரவுக் காற்றில் மாட்டினால் கபாசிட்டர் 95-க்குப் போகும், நாற்பதாயிரம் பத்தாயிரமாகிவிடும். இது நல்ல கபாசிட்டருக்கு. நான் வாங்கியதில் இருந்தது 85 டிகிரி வகை. அந்த வகையில் சாதாரணமானவை 2,000 மணி நேரக் கணக்கில் வருபவை. 95 டிகிரியில் போட்டால்? ஆயிரம் மணி நேரம். என் பதினொரு விளக்கும் செத்த கணக்கு அப்படியே பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அந்தச் சமன்பாட்டை ஒரு பில்லின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்துவிட்டு நான் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் இல்லாத நேரத்தில்தானே விளக்கு எரிகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஃபோட்டோசெல் விளக்கைப் போடுகிற நேரம், அதாவது சூரியன் மறைந்து கொஞ்ச நேரத்தில், காற்றே நாற்பதுக்குமேல் இருக்கும். பகலெல்லாம் வெந்த சுவர் பின்னாலிருந்து சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். விளக்கின் உடல் ஏற்கனவே கொதித்துப்போய்த்தான் வேலையை ஆரம்பிக்கிறது. 2025 மே மாதம் அல் ஐன் பக்கம் ஸ்வைஹானில் 51.6 டிகிரி போனது, அதுவும் மே மாதத்திலேயே. குவைத்தில் மித்ரிபாவில் 2016 ஜூலையில் பதிவானது 53.9. இந்த ஊர்களுக்கு விளக்கு வாங்குகிறவர் 25 டிகிரி அறையில் எழுதிய எண்ணை மட்டும் நம்பி வாங்கினால் தாங்காது.

அதனால் அக்டோபரில் மறுபடி முப்பது வாங்கும்போது ஒரே ஒரு விஷயத்தைத் தேடித் தேடி வாங்கினேன். டிரைவர் மேலோ ஃபிட்டிங்கின் ஸ்டிக்கரிலோ சின்ன ஆங்கில எழுத்தில் டி, ஏ என்று இரண்டு எழுத்தும் பக்கத்தில் ஒரு டிகிரி எண்ணும் இருக்கும். சுற்றியிருக்கும் காற்று இத்தனை டிகிரி வரை இருந்தாலும் இந்தச் சாதனம் ஒழுங்காக வேலை செய்யும் என்று தயாரிப்பாளர் எழுதிக் கொடுக்கிற எண் அது. ஐரோப்பாவுக்குச் செய்தவற்றில் 25, 35, 40 என்றெல்லாம் இருக்கும். இந்த ஊர் வெளிச்சுவருக்கு 50-க்குக் குறைந்து வாங்காதீர்கள். எண்ணே இல்லையென்றால், பேசாமல் பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொரு எண்ணும் இருக்கும், டி, சி என்று, டிரைவர் உடம்பில் ஒரு புள்ளி வைத்துக் காட்டியிருப்பார்கள். அந்தப் புள்ளியில் அதிகபட்சம் எத்தனை டிகிரி போகலாம் என்பது அது. நான் வாங்கியதில் 90 என்று இருந்தது. அடுத்த ஜூலையில் ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு மேற்குச் சுவரில் ஒன்றைத் திறந்து அந்தப் புள்ளியில் தெர்மோகப்பிள் வைத்துப் பார்த்தேன், 78 காட்டியது. பன்னிரண்டு டிகிரி கையிருப்பு. அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதி.

விலை ஒன்றுக்கு ஐம்பத்தைந்து திர்ஹாம், ஆக முப்பதுக்கு 1,650. முன்னால் வாங்கியதற்கு 540 கொடுத்திருந்தேன். முதலாளி முகம் சுருங்கியது, சரி, சுருங்கட்டும் என்று விட்டுவிட்டேன். 2022, 23, 24, 25 என்று நாலு கோடை முழுதாகப் போய்விட்டன, பதினேழாயிரம் மணி நேரத்துக்குமேல் எரிந்திருக்கிறது. முப்பதில் இரண்டு போயின. ஒன்று டிரைவர். இன்னொன்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, அதற்குக் காரணம் விளக்கு கிடையாது, ஒயர் உள்ளே நுழைகிற இடத்தை அடைக்கும் கேபிள் கிளாண்டை எங்கள் ஆள் சரியாக முறுக்கவில்லை.

தண்ணீர் என்றதும் பாலைவனத்தில் மழை ஏது என்று நினைக்காதீர்கள். பகலில் ஃபிட்டிங்கின் உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிந்து வெளியே போகும், இரவில் குளிரும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கடலோரம் ஆகஸ்ட் இரவுக் காற்று எப்படிப் பிசுபிசு என்று இருக்கும் என்று தெரியும் அல்லவா, அந்த ஈரத்தை உப்போடு சேர்த்து விளக்கு தினமும் மூச்சு விடுகிற மாதிரி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஐபி65, ஐபி66 சோதனையெல்லாம் புது ஃபிட்டிங்கில் செய்வது. இரண்டு கோடை வெயில் வாங்கிய ரப்பர் கேஸ்கட் விறைத்துப்போய்விடும். அதனால் வாங்கும்போதே மூடியைத் திறந்து கேஸ்கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், சிலிக்கான் என்றால் மெத்தென்று அமுங்கித் திரும்பும். மெல்லிய ஃபோம் பட்டை ஒட்டியிருந்தால் வேண்டாம். வெயிலுக்கு ஏற்ற பிளாஸ்டிக் என்று சொல்லாத மூடிகள் இரண்டாவது வருஷமே டீ கறை மாதிரி மஞ்சளாகும், வெளிச்சம் அதிலேயே கொஞ்சம் போய்விடும். தூசி இன்னொரு எதிரி. ஷமால் என்கிற புழுதிக்காற்று ஒரு நாள் அடித்தால், சூட்டை வெளியே விடுகிற பின்பக்கத் துடுப்புகளுக்கு நடுவில் மண் அப்பிக்கொள்ளும், அப்புறம் அந்தத் துடுப்பு இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மே மாதம் ஒரு முறை, கோடை ஏறுவதற்கு முன் பிரஷ் போட்டுத் தட்டிவிடுகிறோம்.

இப்போது சான்றிதழ் விஷயம். அமீரகத்தில் விளக்கு விற்க ஈகாஸ் என்கிற அரசுத் தரச் சான்று வேண்டும். 2014-ல் வந்த விதி இது, பழைய குண்டு பல்புகள் இங்கே கடைகளிலிருந்து காணாமல் போனது இதனால்தான். முன்பு எஸ்மா என்ற அமைப்பு இதைப் பார்த்துக்கொண்டது, 2020-ல் அது தொழில், உயர் தொழில்நுட்ப அமைச்சகத்தோடு சேர்ந்துவிட்டது, பழைய ஆட்கள் இன்னமும் எஸ்மா என்றுதான் சொல்வார்கள். கடையில் சான்று கேளுங்கள், கொடுப்பார்கள். கொடுத்தால் அதில் இருக்கும் மாடல் எண்ணும் உங்கள் கையில் இருக்கும் பெட்டியின் மாடல் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள், தேதி முடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு மாடலுக்கு வாங்கிய சான்றை அதே கம்பெனியின் இருபது மாடலுக்கும் காட்டுகிறவர்கள் உண்டு. சிஇ முத்திரையை வைத்து ஏமாறாதீர்கள். விளக்குகளைப் பொறுத்தவரை அது தயாரிப்பாளர் தானே அறிவித்துக்கொள்வது, அதுவும் ஐரோப்பியச் சந்தைக்கு.

விவரமான கடைக்காரர் என்றால் எல்எம்-80 என்று ஒரு அறிக்கையையும் நீட்டுவார். நல்ல அறிக்கைதான். எல்இடி சில்லை 55 டிகிரி, 85 டிகிரி என்ற சூட்டில் குறைந்தது 6,000 மணி நேரம் எரியவிட்டு வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்துக் கொடுப்பது. ஆனால் அது சில்லுக்குக் கொடுத்த அறிக்கை, முழு விளக்குக்குக் கொடுத்தது இல்லை. டிரைவரைப் பற்றி அதில் ஒரு வரி இருக்காது. பிரபலமான கம்பெனியின் சில்லை மட்டமான டிரைவரோடு சேர்த்துக் கட்டி, சில்லின் அறிக்கையைக் காட்டி விற்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். எனக்கு அதில் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

ஈகாஸ் இருந்தால் போதுமா என்றால், போதாது. அது வாசல். மின்சாரம் தாக்காது, சொன்ன திறன் இருக்கிறது, நச்சுப் பொருட்கள் அளவுக்குள் இருக்கின்றன என்பதற்கெல்லாம் அது வேண்டும், அது இல்லாததைத் தொடவே கூடாது. ஆனால் உங்கள் மேற்குச் சுவரில் ஆகஸ்ட் மாதம் தாங்குமா என்பதற்கு அந்த டி, ஏ எண்தான் பதில் சொல்லும். சவூதியில் இருப்பவர்கள் அந்த ஊர்த் தர அமைப்பின் சாசோ முத்திரையை இதே மாதிரி சரிபாருங்கள். அங்கே பழைய வீடுகளில் இன்னும் 127 வோல்ட் லைன் இருக்கும், 220–240 என்று போட்ட விளக்கு அதில் ஒழுங்காக எரியாது, முதலில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது துபாய் லேம்ப். துபாய் பலதியாவும், அதாவது மாநகராட்சியும், பிலிப்ஸும் சேர்ந்து 2016-ல் அறிவித்த விளக்கு. பிலிப்ஸின் விளக்குக் கம்பெனிக்கு 2018 முதல் சிக்னிஃபை என்று பெயர். என் குசைஸ் ஃபிளாட்டில் ஒன்பது போட்டிருக்கிறேன், எல்லாம் மூன்று வாட், நாலு வருஷமாக ஒன்றும் போகவில்லை. வெளிச்சத்தை அளக்கிற லூமென் கணக்கில் ஒரு வாட்டுக்கு 200 லூமென், அதாவது மூன்று வாட்டில் 600 லூமென். வழக்கமான எல்இடி பல்பில் இதே வெளிச்சத்துக்கு ஏழு வாட் ஆகும்.

எப்படிச் செய்தார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். கண்ணாடிக் குண்டுக்குள் மஞ்சள் குச்சிகள் மாதிரி எல்இடி இழைகள் தெரியும். மற்ற பல்புகளில் கொஞ்சம் இழைகளை வைத்து அதில் அதிகக் கரண்டை அழுத்துவார்கள், செலவு குறையும். இதில் இழைகளைக் கூட்டி, ஒவ்வொன்றையும் மெதுவாக ஓட்டுகிறார்கள். ஒரு மூட்டையை இரண்டு பேர் தூக்குகிற மாதிரி. எல்இடி எவ்வளவு நிதானமாக ஓடுகிறதோ அவ்வளவுக்கு அதன் திறன் கூடும், சூடு குறையும். தோராயமாகச் சொன்னால் ஏழு வாட் பல்பில் ஐந்து வாட் வெறும் சூடாகப் போகிறது, இதில் ஒரு வாட் சொச்சம்தான். இரண்டு மணி நேரம் எரிந்த பல்பை வெறுங்கையால் கழற்றலாம், செய்து பார்த்திருக்கிறேன். இந்த ஊருக்குத் தேவையான குணம் இதுதான், தானே சூடு போடாத விளக்கு.

இப்போது காசுக் கணக்கை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். இங்கே மின்சாரம் கொடுக்கிற டீவாவின் பில்லில், நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு முதல் 2,000 யூனிட்டுக்கு யூனிட் 23 ஃபில்ஸ் (நூறு ஃபில்ஸ் ஒரு திர்ஹாம்). என் ஒன்பது பல்பிலும் நாலு வாட் வீதம் 36 வாட் மிச்சம், நாளைக்கு ஐந்து மணி நேரம், மாதத்துக்கு 5.4 யூனிட். ஒன்றேகால் திர்ஹாம். அவ்வளவுதான். ஏற்கனவே நல்ல எல்இடி எரிகிற வீட்டில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு இதை வாங்க வேண்டிய அவசியம் இல்லை, இருப்பது போகும்போது இதைப் போடுங்கள், போதும். நான் இதை வாங்கியது பில்லுக்காக இல்லை, அடிக்கடி மாற்றாமல் இருக்கத்தான்.

கண்ணாடி தெளிவாக இருப்பதால் இழை நேராகக் கண்ணில் பட்டால் கூசும், ஷேடு போட்ட ஃபிட்டிங்கில் போடுவது நல்லது. சமையலறையில் நான் இதைப் போடவில்லை. அங்கே ஒரு காலம் மஞ்சள் வெளிச்சம் போட்டு வைத்திருந்தேன், என் மனைவி ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே, "இந்த லைட்ல பூச்சி எது, காம்பு எதுன்னே தெரியலைங்க, வந்து பாருங்க" என்று கூப்பிட்டுக் காட்டினாள். உண்மைதான், எல்லாம் ஒரே நிறமாகத் தெரிந்தது. இப்போது அங்கே வெள்ளை வெளிச்சம் தருகிற 4000 கெல்வின், நிறங்களைச் சரியாகக் காட்டும் சிஆர்ஐ எண் 90 இருக்கும் டியூப். அந்த எண் 80-க்குக் கீழே இருந்தால் வீட்டுக்குள் எங்கேயும் போடாதீர்கள்.

பாத்ரூம் டோம் ஃபிட்டிங் பற்றி ஒரு வார்த்தை. மூடிய கண்ணாடிக்குள் சாதாரண எல்இடி பல்பைப் போட்டால் அது தன் சூட்டிலேயே வெந்து போகும், ஏசி வீடாக இருந்தாலும். மூடிய ஃபிட்டிங்கில் போடக்கூடாது என்று பல பெட்டிகளில் படம் போட்டே சொல்லியிருப்பார்கள், யாரும் பார்ப்பதில்லை. அங்கே வாட் குறைவான பல்பு போடுங்கள், இல்லாவிட்டால் மூடிய ஃபிட்டிங்குக்குச் சம்மதம் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள்.

மூன்றாவது, டவுன்லைட். இங்கேதான் உண்மையாகப் பெரிய பணம் மிச்சமாகும். அல் வர்கா பக்கம் ஒரு வில்லா, மஜ்லிஸ் என்கிற வரவேற்பறையில் 24 ஹாலஜன், ஒவ்வொன்றும் 50 வாட். மொத்தம் 1,200 வாட், ஒரு இஸ்திரிப் பெட்டியைக் கூரையில் தலைகீழாக மாட்டி எரியவிட்ட மாதிரி. அந்த வீட்டுப் பெரியவர் எமிராத்தி, வயதானவர், ஏசி குளிரவில்லை என்று மூன்று முறை ஏசிக்காரரைக் கூப்பிட்டு கேஸ் பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஆறு வாட் எல்இடி போட்டோம், 144 வாட். நாளைக்கு ஐந்து மணி நேரக் கணக்கில் மாதம் 158 யூனிட் குறைகிறது. வில்லா பில் இரண்டாயிரம் யூனிட்டைத் தாண்டிவிடும், அங்கே வெளிநாட்டவருக்கு யூனிட் 28 ஃபில்ஸ், அந்தக் கணக்கில் மாதம் 44 திர்ஹாம் (எமிராத்திகளுக்குக் கட்டணம் இதைவிடக் குறைவு), எரிபொருள் சர்சார்ஜும் வரியும் தனி. அதோடு விளக்கு கொடுக்கிற ஒவ்வொரு வாட் சூட்டையும் ஏசிதான் வெளியே தள்ள வேண்டும், அதற்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் ஏசியில் ஆகும், அதுவும் சேர்ந்து குறைந்தது. வேலை முடிந்த மறுநாள் பெரியவர் எனக்குக் காவா, அதாவது அரபுக் காப்பி, ஊற்றிக் கொடுத்து, ஏசியை இரண்டு டிகிரி ஏற்றி வைத்திருப்பதாகச் சொன்னார்.

முதல் நாள் ஒரு சிக்கல் வந்தது, உங்களுக்கும் வரும், சொல்லிவிடுகிறேன். பழைய ஹாலஜன் 12 வோல்ட் என்றால் மேலே ஒரு எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அது வேலை செய்யக் குறைந்தபட்சம் இவ்வளவு வாட் லோடு வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கும், பெரும்பாலும் இருபதுக்குப் பக்கம். ஆறு வாட் எல்இடியை மாட்டினால் அது தடுமாறும், விளக்கு சிமிட்டும், புது விளக்கு கெட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போவீர்கள். டிரான்ஸ்ஃபார்மரையே கழற்றிவிட்டு நேராக 230 வோல்ட்டில் எரிகிற ஜியு10 வகைக்கு ஹோல்டரோடு மாற்றிவிட்டோம், பிரச்சினை தீர்ந்தது. இந்த மாற்றத்தைத் தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள்.

மேல்மாடி ஃபால்ஸ் சீலிங்கை மறந்துவிடாதீர்கள். கீழே அறை 23 டிகிரியில் இருக்கும், ஜிப்சம் பலகைக்கு மேலே, கான்கிரீட் தளத்துக்குக் கீழே இருக்கும் இடைவெளி அடுப்பு மாதிரி இருக்கும். டவுன்லைட்டின் டிரைவர் உட்கார்ந்திருப்பது அங்கேதான். ஒரு வீட்டில் அதன் மேல் கண்ணாடிப் பஞ்சையும் போர்த்தி வைத்திருந்தார்கள், இன்சுலேஷன் போட வந்தவர்கள் போட்டது. வெயில் காலத்தில் கம்பளி போர்த்திய மாதிரி. பஞ்சை நாலு பக்கமும் ஒரு சாண் விலக்கிவிட்டு, டிரைவரைப் பலகையில் படாமல் கம்பியில் தூக்கிக் கட்டினோம். அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து விளக்குக்காகப் போன் வரவில்லை.

சோலார் கார்டன் லைட் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். இங்கே நான் சிபாரிசு செய்வதில்லை. உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி வகைகளில் பலவற்றை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது, ஆனால் சோலார் சார்ஜ் ஆவதே உச்சி வெயிலில். பேட்டரி நிழலில் தனியாக இருக்கும் பெரிய செட் என்றால் யோசிக்கலாம். செடிக்குப் பக்கத்தில் குத்துகிற சின்னதெல்லாம் ஒரு கோடைக்குத்தான்.

ஊருக்குப் போகும்போது கார்ட்டனில் பல்பு எடுத்துப் போகிறவர்கள், நம் வீடுகளில் பெரும்பாலும் பின் டைப் ஹோல்டர், இங்கே கடையில் முன்னால் அடுக்கியிருப்பது ஸ்க்ரூ டைப், மறக்காமல் பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக, எங்கள் கம்பெனியில் இப்போது எல்லோரும் செய்கிற ஒன்று. விளக்கு மாட்டும் முன் பெர்மனன்ட் மார்க்கரால் அதன் அடியில் தேதியை எழுதிவிடுகிறோம், பில்லைப் போட்டோ எடுத்து வைத்துவிடுகிறோம். மூன்று வருஷ கேரன்டி, ஐந்து வருஷ கேரன்டி என்று சொல்லி விற்ற கடைக்காரரிடம் போய் நிற்கும்போது ஞாபகத்தை வைத்து வாதாட முடியாது. டிரைவர் போன அந்த ஒரு பல்க்ஹெட்டை, அடியில் 14-10-2021 என்று எழுதியிருந்ததையும் பில் போட்டோவையும் காட்டித்தான், ஐந்து வருஷ கேரன்டிக்குள் போனது என்று கொடுத்துவிட்டுப் புதிது வாங்கி வந்தோம். அதை மாட்டியது நவம்பர் மாதம், காலை பத்து மணி, சுவர் குளிர்ந்திருந்தது, விருதுநகர்த் தம்பி ஏணியில் ஏறி பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு இறங்கினான்.